சொன்ன பிறகு

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்காகப் பிடிபட்டவர்கள் அவருடைய பள்ளியிலேயே படித்த, ஆதிக்க சாதியைச் சேர்ந்த சிறுவர்கள். தமிழ்நாடே பதறிய செய்தி இது. ஆனால் அந்தப் பதற்றத்தில் ஒரு விவரம் நம் கவனத்தில் தங்காமல் போயிற்று. அவருக்கு நடந்த கொடுமை அன்றைக்குத் தொடங்கியதில்லை. அதைத் தாங்க முடியாமல் அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். அவர் சொன்னார். சொன்ன பிறகுதான் அரிவாள் வீடு தேடி வந்தது.

பிள்ளைகளிடம் நாம் ஓயாமல் சொல்லிவருவது ஒன்றுதான்: எதுவாயிருந்தாலும் வாய் திறந்து சொல்லிவிடு. பள்ளிச் சுவரில் 1098, 14417 என்ற உதவி எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அரசுப் பள்ளிகளில், குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. இவையெல்லாம் வேண்டியவை, இவற்றைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும், சொல்வதைப் பிள்ளைகளின் கடமையாக்கிய நாம், கேட்ட பிறகு செய்ய வேண்டியதை எந்த அளவுக்கு நம் கடமையாக்கிக்கொண்டோம்? பெட்டியில் விழுந்த சீட்டை யார் எடுக்கிறார்கள், யார் கண்ணில் படும்படி எடுக்கிறார்கள், அதைப் படித்ததும் முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், அப்படிக் கூப்பிடுவதாலேயே எழுதியது யார் என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறதா? ஒரு பிள்ளையின் பாதுகாப்பு இந்தச் சின்னச் சின்னக் கேள்விகளில்தான் இருக்கிறது.

பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பயந்த சுபாவம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த மௌனத்துக்குள் ஒரு தெளிவான கணக்கு இருப்பதை நாம் பார்ப்பதில்லை. தன்னைத் துன்புறுத்துகிறவர்கள் தன்னோடு ஒரே பேருந்தில் ஏறுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் கூடி நிற்கும் தெருமுனையைத் தாண்டித்தான் அவன் கடைக்குப் போயாக வேண்டும். மதியம் குழாயடியில் தட்டு கழுவும்போது அவர்கள் பின்னால் நிற்கிறார்கள். இரவில் கைபேசிக்குள்ளும் வந்துவிடுகிறார்கள். மாலை மணி அடித்ததும் ஆசிரியரின் அதிகாரம் முடிகிறது, அவர்களுடையது அப்போதுதான் தொடங்குகிறது. சொன்னால் தனக்குக் கிடைக்கப்போகும் உதவி எவ்வளவு, சொன்னதற்காக வாங்கப்போகும் அடி எவ்வளவு என்று அந்தப் பிள்ளை தன் சின்ன வயதுக்கு மீறிய நிதானத்தோடு எடைபோட்டுப் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் வாய் திறக்கிறது என்றால், அதுவரை தன்னைக் காத்துக்கொண்டிருந்த ஒரே கவசத்தைக் கழற்றி நம் கையில் கொடுக்கிறது என்று பொருள். அந்த நொடியில் அதன் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது.

கொடுமைப்படுத்துதல் எதில் சாதாரணச் சண்டையிலிருந்து வேறுபடுகிறது என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் உளவியலாளர் டான் ஒல்வேயஸ் முக்கியமானவர். 1982இன் இறுதியில் நார்வேயின் வடபகுதியில் பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று சிறுவர்கள், சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற செய்தி அந்த நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய தடுப்பு இயக்கம் தொடங்கியது. ஒல்வேயஸ் பெர்கன் நகரப் பள்ளிகளில் அதன் பலனை ஆராய்ந்தார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு தரப்பின் பலமும் சமமாக இல்லாதிருப்பது என்று மூன்று அடையாளங்களை அவர் வகுத்தார். மூன்றாவதுதான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. பலம் சமமாக இல்லாத இடத்தில் நடப்பதைச் சண்டை என்று பெயரிட்டு அழைத்தால், அடுத்து நாம் எடுக்கும் எல்லா முடிவுகளும் பிழையாகிவிடுகின்றன.

தலைமையாசிரியர் அறையில் வழக்கமாக நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மேசைக்கு முன்னால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். “என்னடா பிரச்சினை உங்களுக்குள்ள?” என்று கேள்வி இருவருக்கும் பொதுவாக விழுகிறது. ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான். “சும்மா விளையாட்டுக்குத்தான் சார்” என்கிறான். மற்றவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. “சரி, கை குலுக்குங்க. இனிமே ரெண்டு பேரும் ஒற்றுமையா இருக்கணும்.” கை குலுக்கும்போது நிமிர்ந்து நின்றவனின் பிடி சற்று இறுகுகிறது, அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காண முடியாது. அந்த அறையை விட்டு வெளியே போகும் பிள்ளை இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டு போகிறது. துன்புறுத்தியவன் எதிரிலேயே தன்னைப் பேசச் சொன்னார்கள். தான் பட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டார்கள். சமரசம் நல்லது என்று நாம் நம்புகிறோம். சமமானவர்களுக்கிடையே அது நல்லதுதான். ஒருவன் காலடியில் இன்னொருவன் கிடக்கும்போது நடுவில் நிற்பவர், தாம் அறியாமலே மேலே இருப்பவன் பக்கம்தான் நிற்கிறார்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவும் உருவாக்கிய ‘கிவா’ என்ற கொடுமைத் தடுப்புத் திட்டத்தில் இதற்கு வேறு வழி கண்டார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையோடு தனியாகப் பேசுகிறார்கள். துன்புறுத்தியவர்களோடு, ஒவ்வொருவராகவும் பின்பு சேர்த்தும், தனியாகப் பேசுகிறார்கள். வகுப்பில் மதிப்புள்ள, நல்லியல்புள்ள சிலரை வகுப்பாசிரியர் அழைத்து, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துணையாக இருக்கக் கேட்கிறார். சில நாள் கழித்து மறுபடி சந்தித்து, நின்றுவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். இந்தக் கடைசிப் படியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. எல்லாத் திட்டங்களிலும் முதலில் கைவிடப்படுவது அதுதான். பரபரப்பு அடங்கிய பிறகு, வேறு வேலைகள் குவிந்த பிறகு, நினைவு வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் தேடிப்போய்க் கேட்பதற்கு யாரும் நம்மைப் பாராட்டப்போவதில்லை. பாராட்டில்லாத அந்த வேலையைச் செய்கிறோமா என்பதில்தான் நாம் அந்தப் பிள்ளைக்காகச் செய்தோமா, நம் மன நிறைவுக்காகச் செய்தோமா என்பது தெரியவரும்.

உதவ வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சோதனை வாய்க்கிறது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு சிறுமி பையின் வாரைத் திருகியபடி நிற்கிறாள். “மிஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது.” அந்த இடத்தில் “சத்தியமா சொல்ல மாட்டேன்மா” என்று சொல்லத் தோன்றுவது மனித இயல்பு. அவள் நம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த நம்பிக்கை நம்மை உருக்குகிறது. ஆனால் அந்த வாக்குறுதி நாம் கொடுக்கக் கூடியது இல்லை. அவள் சொல்லப்போவது ஒரு கேலிப்பெயராக இருக்கலாம். உயிருக்கு ஆபத்தானதாகவும் இருக்கலாம். பாலியல் குற்றமாக இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதை அறிந்தவர் எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. ஆகவே அனுபவம் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: “நீ சொல்றத நான் முழுசா கேக்கிறேன்மா. உனக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணிச்சுன்னா, உன்னைக் காப்பாத்தக் கூடிய ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட, எப்போன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” இதைக் கேட்டு அவள் பின்வாங்கிவிடலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பெரியவர்கள் கொடுத்த வாக்கு உடைந்துபோவதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு, இரண்டாவது முறையும் அதே நடந்தால், மூன்றாவது மனிதரைத் தேடிப் போக அதனிடம் எதுவும் மிச்சமிருக்காது.

இன்னும் கடினமான ஓர் உண்மைக்கு வருகிறோம். பிள்ளைகளைக் காக்கப் புறப்பட்டவர்களிடமிருந்தும் பிள்ளைகளைக் காக்க வேண்டியிருக்கிறது. 1847இல் வியன்னாவின் பொது மருத்துவமனையில், பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தபோது, பிணக்கூறாய்வு செய்த கையோடு பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களே அந்த நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று கண்டவர் இக்னாஸ் செமல்வைஸ். கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார். சாவு குறைந்தது, ஆனாலும் மருத்துவர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. உயிரைக் காக்கும் கை உயிரை எடுக்கவும் கூடும் என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்கு அவமானமாகப் பட்டது. இன்று பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு எழும் கோபமும் அதுவே. மூடிய அறையில் தனியாகச் சந்திக்காதே, பின்னிரவில் வாட்ஸ்அப்பில் தனியாகப் பேசாதே, பரிசு கொடுக்காதே, பேசியதைக் குறித்து வை, இன்னொருவருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதே. “என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?” என்று கேட்கத் தோன்றுகிறது.

சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நொந்துபோன ஒரு பிள்ளை, தன்னைப் புரிந்துகொண்ட முதல் மனிதரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிறது. தன் நேரத்தை, தன் ரகசியங்களை, எது சரி எது தவறு என்று சொல்லும் உரிமையைக் கூட. அந்த ஒப்படைப்பு எவ்வளவு முழுமையானதோ, அவ்வளவு அதிகாரம் இந்தப் பக்கம் சேர்கிறது. கெட்ட எண்ணம் உள்ளவர் அதைத் தேடியே இந்த வேலைக்கு வருவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் வெளியே மிகக் கனிவானவர்களாகவே தெரிவார்கள் என்பதால் கனிவை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாது. நல்லெண்ணம் உள்ளவரும் தப்புவதில்லை. சிறுவயதில் தாமே அடிபட்டவர்கள் பலர் இந்த வேலைக்கு மனமுவந்து வருகிறார்கள். அந்தக் காயம்தான் அவர்களைப் பிறர் காணாததைக் காண வைக்கிறது. அதே காயம், எதிரில் இருக்கும் பிள்ளையின் இடத்தில் தம்முடைய பழைய முகத்தை வைத்துப் பார்க்கவும் வைக்கிறது. அன்று தமக்குக் கிடைக்காத நீதியை இன்று இந்தப் பிள்ளையைக் கொண்டு வாங்கிவிடத் துடிக்க வைக்கிறது. அப்போது அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்பது மறந்துபோகிறது.

மூத்த மாணவர்களைத் துணைக்கு வைத்துச் செய்யும் வேலைகளில் இந்தக் கவலை இரு மடங்காகிறது. பதினாறு வயதுப் பெண், பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அக்காவாக இருந்து கேட்கிறாள் என்பது அழகான காட்சி. பெரியவர்களிடம் சொல்லாததை அந்தச் சிறுமி அவளிடம் சொல்லுவாள் என்பதும் மெய். ஆனால், “எனக்குச் செத்துப்போகலாம்னு இருக்குக்கா” என்ற ஒரு வாக்கியத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்க அந்தப் பதினாறு வயதுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? அவளுக்குப் பின்னால், எந்நேரமும் அழைக்கக்கூடிய ஒரு பெரியவர் நிற்கிறாரா? இல்லையென்றால், ஒரு பிள்ளையின் பாரத்தை எடுத்து இன்னொரு பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அதற்குச் சேவை என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

தனி மனிதரைப் போலவே நிறுவனத்துக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் வெறி உண்டு. 2011இல் ஜப்பானின் ஓட்சு நகரில், சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளான பதின்மூன்று வயது மாணவன் உயிரை மாய்த்துக்கொண்டான். பள்ளி மற்ற மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. அதில் வெளிவந்தவை உடனே முழுதாக வெளியில் சொல்லப்படவில்லை என்று தெரிந்தபோது நாடு கொதித்தது. 2013இல் கொடுமைத் தடுப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. நம்மூரிலும் “வெளியில தெரிஞ்சா ஸ்கூல் பேர் கெட்டுடும்” என்ற குரல் கேட்காத இடம் குறைவு. பெயரைக் காக்க எடுக்கும் முடிவும் பிள்ளையைக் காக்க எடுக்கும் முடிவும் ஒன்றாக இருப்பது போலச் சில நாள் தோன்றும். ஆனால் இரண்டும் பிரியும் நாள் ஒன்று கட்டாயம் வரும். அன்றைக்கு எதன் பின்னால் போவது என்பதை அன்றைக்கு யோசித்துத் தீர்மானிக்க முடியாது. அமைதியான நாட்களிலேயே எழுதி, எல்லோரும் அறிய ஒட்டிவைத்திருக்க வேண்டும்.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வதும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவதும் பெரிதாகப் பேசப்பட்டன. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்ற பரிந்துரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, விவாதம் அதன் மேல் பாய்ந்தது. ஒரு பிள்ளை சொன்னதைக் கேட்டு, குறித்து, அன்று மாலை அந்தப் பிள்ளை எந்த வழியாக வீட்டுக்குப் போகும் என்று யோசிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

போக்சோ சட்டத்தில் காணப்படும் ஒரு நுட்பம் இங்கே நினைவுக்கு வருகிறது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வரும் காவல் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. முடிந்தவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ கேட்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அரசு என்னும் பெருவலிமை, ஒரு குழந்தையின் முன்னால் வரும்போது தன் சீருடையைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டளை அது. நடைமுறையில் அது எத்தனை இடத்தில் காப்பாற்றப்படுகிறது என்பது வேறு கேள்வி. அந்த விதிக்குள் இருக்கும் எண்ணத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். எளியவரைக் காப்பது என்றால் எளியவருக்காக நம் வலிமையை முழுதும் பயன்படுத்துவது என்றே நாம் பழகியிருக்கிறோம்; ஆனால் துன்புறுத்தியவனின் வலிமையால் ஏற்கெனவே சுருங்கிப்போன ஒரு மனத்தின் எதிரில், காக்க வந்தவரின் வலிமையும் வலிமையாகவே தெரியும் என்பதால், அதைக் கட்டி, பிறர் பார்வைக்கு உட்படுத்தி, அந்தப் பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொன்னால் நிற்கும்படி பழக்கி, பிறகே அதனருகில் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது; அப்படித் தன்னை அடக்கிக்கொண்ட வலிமையைத்தான், அதுவரை வலிமை என்றாலே அடி என்று மட்டும் அறிந்திருந்த பிள்ளை, தன் வாழ்க்கையில் முதன்முறையாக அன்பு என்று உணர்கிறது.

அடித்தவர்களும் பிள்ளைகளே என்பதையும் மறக்காமல் இருக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டம் அவர்கள் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று தடுப்பது குற்றத்தை மறைக்க அன்று. பதினேழு வயதில் அரிவாள் எடுத்தவனின் கையில் அதைக் கொடுத்தவர்களின் வயது பதினேழு இல்லை. சாதிப் பெருமையைப் பாலோடு ஊட்டியவர்கள், திருவிழாவில், பதாகையில், திருமண மண்டபத்தில் அதைப் பாடமாக நடத்தியவர்கள், நம்மைச் சுற்றி மரியாதையோடு வாழ்கிறார்கள். அடிபட்ட பிள்ளையின் நீதியில் ஓர் அணுவும் குறையாமல், அடித்த பிள்ளையையும் மீட்டெடுப்பது எப்படி என்பதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. இரண்டையும் ஒரே மனிதர் செய்ய முயலக் கூடாது என்பது மட்டும் உறுதி. பாதிக்கப்பட்ட பிள்ளை நம்பும் ஒருவர், துன்புறுத்தியவனோடும் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருப்பதை அந்தப் பிள்ளை பார்க்க நேரக் கூடாது.

பிள்ளை நம்பிய அந்த ஒருவரே போய்விடுவதும் உண்டு. பெரும்பாலும் கோடையை ஒட்டி இடமாறுதல் கலந்தாய்வு நடக்கும்; ஆசிரியர்கள் ஊர் மாறுவார்கள். மார்ச்சில் ஒரு பிள்ளை ஒரே ஒரு ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். பள்ளி திறக்கும் நாளில் அந்த ஆசிரியர் அங்கே இருக்கமாட்டார். துன்புறுத்தியவர்கள் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். என்ன நடந்தது, பிள்ளை தன் சொந்த வார்த்தையில் என்ன சொன்னது, யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது, எந்த வழியில் வீட்டுக்குப் போகிறது என்று தேதியிட்டு எழுதிய குறிப்பு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். சாவி இருவரிடம் இருக்க வேண்டும். கிளம்பும் ஆசிரியர் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பிள்ளையை அழைத்து, தமக்குப் பின் வருபவரை நேரில் காட்டி, “இனிமே இவங்ககிட்ட சொல்லும்மா, இவங்களுக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.